பிழைச் செய்தி யாருடைய நினைவகத்தில் இருக்கிறது?

ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறோம், இயங்குதளத்தின் மையமான கெர்னல் மறுக்கிறது. ஏன் மறுத்தது என்பதற்கு நிரலின் கைக்கு வந்து சேர்வது ஒரு எண், அவ்வளவுதான். லினக்ஸில் 2 என்றால் அப்படி ஒரு ஃபைலே இல்லை. 13 என்றால் ஃபைல் இருக்கிறது, தொட அனுமதி இல்லை. 4 என்றால் வேலை நடக்கும்போது சிக்னல் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. நிரலுக்கு இந்த எண் போதும். பாதி ராத்திரியில் நிரலின் பதிவேடான லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் போதாது. அந்த எண்ணை "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று படிக்கக்கூடிய வாக்கியமாக்கித் தருவது சி மொழியின் ஸ்டிர்எரர் ஃபங்ஷன். எண்ணைக் கொடுத்தால் வாக்கியம் இருக்கும் இடத்தின் பாயின்டர், அதாவது முகவரி, திரும்ப வரும்.

பார்க்க இவ்வளவு எளிதாக இருக்கும் இந்த ஃபங்ஷனில்தான் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) கொண்ட நிரல்கள் வெகுகாலமாக வழுக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. காரணம், திரும்ப வரும் பாயின்டர் யாருக்குச் சொந்தமான நினைவகத்தைக் காட்டுகிறது என்று அந்த ஃபங்ஷன் சொல்வதே இல்லை. கொடுத்த சரத்தை நீ மாற்றக் கூடாது, அடுத்த முறை அழைக்கும்போது அது மேலெழுதப்படலாம் என்பதோடு சி தரநிலை நிறுத்திக்கொள்கிறது. நிரலில் ஒரே ஓட்டம் இருந்த காலத்தில் "அடுத்த முறை" என்பது நம் கட்டுப்பாட்டில் இருந்தது. பத்து த்ரெட்கள் ஓடும்போது அடுத்த அழைப்பு எங்கிருந்து, எந்த நொடியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டிர்எரர் த்ரெட்-சேஃப் ஆக, அதாவது பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் பிசகாததாக, இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலையான பாசிக்ஸின் 2008 பதிப்பும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

எண்ணுக்கு வழி பிறந்தது, வாக்கியத்துக்குப் பிறக்கவில்லை

பழைய யூனிக்ஸில் எர்நோ ஒரு சாதாரண குளோபல் வேரியபிள். சிஸ்டம் கால், அதாவது கெர்னலிடம் கேட்கும் வேலை, தோற்றால் அதில் எண் வந்து உட்காரும். த்ரெட்கள் வந்ததும் இது உடைந்தது. ஒரு த்ரெட் ஃபைலைத் திறக்க முடியாமல் 2 வாங்கிக்கொண்டு வரும். அதைப் படிப்பதற்குள் இன்னொரு த்ரெட்டின் சாக்கெட் 11 என்று எழுதிவிடும். த்ரெட்களுக்கான பாசிக்ஸ் தரநிலை 1995இல் வந்தபோது, எர்நோ ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி என்று வரையறுத்து இதை முடித்துவிட்டார்கள். பிறகு சி11 அதையே மொழியின் விதியாகவும் ஆக்கியது.

செய்த விதம் சாமர்த்தியமானது. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியில் எர்நோ என்று எழுதினால் அது வேரியபிள் அல்ல, கம்பைல் ஆகும்போது வேறு வரியாக விரியும் ஒரு மேக்ரோ. அது உள்ளே ஒரு ஃபங்ஷனை அழைக்கும். அந்த ஃபங்ஷன் இப்போது ஓடும் த்ரெட்டின் எர்நோ எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும். கோடிக்கணக்கான வரிப் பழைய நிரல்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எண் என்பது நான்கு பைட். த்ரெட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்வதில் செலவே இல்லை, படித்தவுடன் நகலெடுத்துக்கொள்ளலாம், நகலெடுத்த பின் அது நம்முடையது.

வாக்கியம் அப்படி நடந்துகொள்ளாது. நம் கைக்கு வருவது வாக்கியம் அல்ல, வாக்கியம் இருக்கும் இடம். அந்த இடத்தை வேறொருவர் அழித்து எழுதினால் நம் கையில் இருக்கும் பாயின்டர் மாறாது, அது காட்டுவது மாறிவிடும்.

இங்கே நியாயமாக ஒரு சந்தேகம் வரும். பிழைச் செய்திகள் எல்லாம் மாறாத சரங்கள்தானே, ஒரு அட்டவணையில் போட்டு வைத்து உரிய வரிசையின் பாயின்டரைக் கொடுத்தால் ஆயிற்று, அழித்து எழுதுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? உண்மையிலேயே பெரும்பாலான நேரம் அப்படித்தான் நடக்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில் நுழைகிறது. ஒன்று மொழிபெயர்ப்பு: பயனரின் லொகேலுக்கு (மொழி, வட்டார அமைப்புக்கு) ஏற்ப செய்தியை வேறு மொழியில் தர வேண்டுமானால், அது எங்கிருந்தோ ஏற்றப்பட்டு எங்கோ வைக்கப்பட வேண்டும். இன்னொன்று அட்டவணையில் இல்லாத எண். 1001 என்று கொடுத்தால் "அன்னோன் எரர் 1001" என்று ஒரு வாக்கியத்தை அந்த இடத்திலேயே தயாரிக்க வேண்டும். தயாரித்ததை வைக்க ஒரு பஃபர், அதாவது ஒதுக்கி வைத்த நினைவக இடம், வேண்டும். அந்த பஃபர்தான் ஊரே எழுதும் ஒரே கரும்பலகை.

ஒரு நொடிக்குள் நடப்பது

பழைய ஜிலிப்சியில் இது எப்படி நடந்தது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். தெரிந்த எண் என்றால் அட்டவணையிலிருந்து நேராகப் பாயின்டர் வந்துவிடும். தெரியாத எண் என்றால், லைப்ரரிக்குள் இருக்கும் எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஒரு ஸ்டாட்டிக் பாயின்டர் 'நல்' (எந்த இடத்தையும் காட்டாத நிலை) ஆக இருக்கிறதா என்று பார்க்கும். நல் என்றால் மேலாக் என்ற ஃபங்ஷனால் 1024 பைட் நினைவகத்தை ஒதுக்கி அதில் மாட்டும். பிறகு அந்த இடத்தில் வாக்கியத்தை எழுதித் தரும்.

முதல் த்ரெட் 1001ஐக் கொடுக்கிறது. பஃபரில் "அன்னோன் எரர் 1001" எழுதப்பட்டு பாயின்டர் திரும்புகிறது. முதல் த்ரெட் அதை லாக்கில் எழுதும் முன் கெர்னல் அதை நிறுத்தி இரண்டாவது த்ரெட்டை ஓடவிடுகிறது. இரண்டாவது 2002ஐக் கொடுக்கிறது. அதே 1024 பைட், அதே முகவரி. இப்போது அங்கே இருப்பது "அன்னோன் எரர் 2002". முதல் த்ரெட் மறுபடி ஓடத் தொடங்கி, கையில் இருக்கும் பாயின்டரைப் பிடித்துக்கொண்டு போய் லாக்கில் 2002 என்று எழுதுகிறது. கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை. பார்க்க ஒழுங்கான, முழுக்கப் பொய்யான ஒரு வரி மட்டும் பதிவாகியிருக்கிறது. இரண்டு த்ரெட்டும் வேறு வேறு கோரில் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் இலக்கங்களும் மற்றதன் இலக்கங்களும் கலந்தும் வரலாம். இரண்டுமே முதல் அழைப்பாக அமைந்து, இரண்டுமே பாயின்டர் நல் என்று பார்த்தால், இரண்டும் தனித்தனியாக 1024 பைட் ஒதுக்கும், அதில் ஒன்று அனாதையாகிவிடும். இந்தக் கசிவு யாரையும் கொல்லாது என்பது வேறு.

தெரியாத எண் யாருக்கு வரப்போகிறது என்று தள்ளிவிட முடியாது. நாம் நினைப்பதைவிட அதிகமாகவே அது வருகிறது. லினக்ஸ் கெர்னல் தனக்குள் மட்டும் புழங்குவதற்காக வைத்திருக்கும் பிழை எண்கள் 512இலிருந்து தொடங்குகின்றன. அவை வெளியே வரக் கூடாது, ஆனால் 524 என்ற எண் சில பகுதிகளிலிருந்து கசிந்து வந்து "அன்னோன் எரர் 524" என்று பயனரின் திரையில் நிற்பது பலருக்குப் பழகிய காட்சி. அடுத்தது நம் சொந்தத் தவறு. ஐஓ_யூரிங் போன்ற இடைமுகங்கள் பிழையைக் குறை எண்ணாகத் தருகின்றன. குறியை மாற்ற மறந்து அப்படியே ஸ்டிர்எரரிடம் கொடுத்தால் "அன்னோன் எரர் -11" வரும். பெயர்-முகவரித் தேடலின் பிழை எண்களுக்கு ஜிஏஐ_ஸ்டிர்எரர் என்று தனி ஃபங்ஷன் இருப்பது தெரியாமல் அவற்றையும் இங்கே கொண்டுவந்து கொட்டுபவர்கள் உண்டு.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. சோதனை எழுதுபவர் எல்லாரும் தெரிந்த எண்ணைத்தான் வைத்துச் சோதிப்பார்கள்: இல்லாத ஃபைல், அனுமதி இல்லாத டைரக்டரி. அந்தப் பாதையில் பஃபரே இல்லை, ஆகவே எல்லாம் பச்சையாக வரும். விசித்திரமான பிழை ஒன்று நிகழும் நாளில்தான், அதாவது செய்தி சரியாக இருக்க வேண்டிய நாளில்தான், பஃபர் வேலைக்கு வருகிறது.

மஸல் என்ற சிறிய சி லைப்ரரி இந்த இடத்தை எப்படித் தாண்டியது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். தெரியாத எண் எதுவாக இருந்தாலும் அது "நோ எரர் இன்ஃபர்மேஷன்" என்று ஒரே மாறாத சரத்தைத் தந்துவிடுகிறது. எண்ணை வாக்கியத்தில் சேர்ப்பதில்லை. தயாரிப்பு இல்லை, பஃபர் இல்லை, மோதலும் இல்லை. தகவல் குறைகிறது, உண்மைதான். எண்ணை நாமே தனியாக அச்சிட்டுக்கொண்டால் அந்தக் குறையும் போய்விடும்.

ஒரே பெயரில் இரண்டு பேர்

மரபான தீர்வு பஃபரை அழைப்பவரே கொடுப்பது. யாருடைய நினைவகம் என்ற கேள்விக்கு "உன்னுடையது" என்று பதில் வந்துவிடுகிறது. பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் ஆர் எழுத்தும் ஒட்டிய ஸ்டிர்எரர்_ஆர் இந்த வகையைச் சேர்ந்தது. எண், பஃபர், பஃபரின் அளவு, இந்த மூன்றும் கொடுக்க வேண்டும். பாடப்புத்தகம் என்றால் கட்டுரை இங்கே முடிந்திருக்கும்.

நடைமுறையில் இந்தப் பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பாசிக்ஸ் தரநிலை சொல்வது முழு எண்ணைத் திருப்பும்: சரியாக நடந்தால் 0, இல்லையென்றால் பிழை எண். செய்தி எப்போதும் நாம் கொடுத்த பஃபரில் இருக்கும். ஜிலிப்சி தன் பங்குக்குத் தரும் குனூ பதிப்பு சரத்தின் பாயின்டரைத் திருப்பும். அந்தப் பாயின்டர் நம் பஃபரைக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். தெரிந்த எண்ணாக இருந்தால் அது நம் பஃபரைத் தொடுவதே இல்லை. உள்ளே இருக்கும் மாறாத சரத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

இப்போது பாசிக்ஸ் முறையை மனத்தில் வைத்து ஒருவர் எழுதுகிறார்: ஸ்டாக்கில் ஒரு பஃபர், ஸ்டிர்எரர்_ஆர் அழைப்பு, திரும்பிய மதிப்பைக் கண்டுகொள்ளாமல் பஃபரை அச்சிடுகிறார். அது குனூ பதிப்போடு கம்பைல் ஆகிவிட்டால், பஃபரில் யாரும் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். ஸ்டாக்கில் முன்பு கிடந்த குப்பை லாக்கில் வரும். மறுபக்கம், குனூ முறையில் பழகியவர் திரும்பிய மதிப்பை, அச்சிடும் வரியில் சரத்துக்கான இடமான %எஸ்-க்கு நேராகக் கொடுக்கிறார். அந்த நிரலை ஆல்பைன் லினக்ஸுக்குக் கொண்டுபோனால், அங்கே இருப்பது மஸல், அதில் பாசிக்ஸ் பதிப்பு மட்டுமே உண்டு. திரும்பிய 0 நல் பாயின்டராகப் பார்க்கப்படும். பஃபர் போதாமல் 34 என்ற பிழை எண் திரும்பினால், 34 என்ற முகவரியில் சரம் இருப்பதாக நினைத்துப் படிக்கப் போய் நிரல் விழும். பிழையைச் சொல்ல வந்த வரியே நிரலைச் சாய்த்துவிடுகிறது.

ஜிலிப்சியில் எந்தப் பதிப்பு கிடைக்கும் என்பதை _குனூ_சோர்ஸ் என்ற மேக்ரோ தீர்மானிக்கிறது. லினக்ஸில் ஜி++ கம்பைலர் அந்த மேக்ரோவை யாரும் கேட்காமலே போட்டுக்கொள்ளும். ஆக, ஒரே நாலு வரியை சி ஃபைலில் வைத்தால் ஒரு ஃபங்ஷன், சி++ ஃபைலில் வைத்தால் இன்னொரு ஃபங்ஷன் என்று ஆக வாய்ப்பிருக்கிறது. இது போதாதென்று, தோல்வியைச் சொல்லும் விதமும் ஒருமுறை மாறியது. ஜிலிப்சி 2.13க்கு முன் பாசிக்ஸ் பதிப்பு தோற்றால் -1 திரும்பும், எண் எர்நோவில் இருக்கும். அதற்குப் பிறகு பிழை எண்ணே நேராகத் திரும்பும்.

பெரிய திட்டங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்பது படிக்கத்தக்கது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் பில்டுக்கு முன் நடக்கும் சோதனையிலேயே எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் தன் சொந்த உறைக்குள் மறைத்துவிடுகிறது. அதன் உறை இன்னும் ஒரு படி போகிறது: சில கணினிகளில் செய்தி வெற்றுச் சரமாகவோ, லொகேலில் எழுத முடியாமல் வெறும் கேள்விக்குறிகளாகவோ வரும், அப்போது பிழையின் குறியீட்டுப் பெயரையாவது காட்டும். சி++ திட்டங்களில் புழங்கும் தந்திரம் ஓவர்லோடிங். முழு எண் வந்தால் ஒரு துணை ஃபங்ஷன், பாயின்டர் வந்தால் இன்னொன்று. எது பொருந்துகிறது என்று கம்பைலரே பார்த்துக்கொள்ளும். ரஸ்ட் மொழியின் நிலையான லைப்ரரி லினக்ஸில் இந்தக் குழப்பத்துக்குள் நுழைவதே இல்லை. ஜிலிப்சிக்குள் பாசிக்ஸ் பதிப்புக்கு இருக்கும் தனி உள்பெயரை நேராகப் பிடித்து, 128 பைட் பஃபரோடு அழைத்துவிடுகிறது. கோ மொழி சி லைப்ரரியைத் தேடியே போவதில்லை. தனக்கென ஒரு செய்தி அட்டவணை வைத்திருக்கிறது, அட்டவணையில் இல்லாததற்கு எண்ணை ஒட்டிப் புதுச் சரம் செய்கிறது.

இவற்றில் எது மேல் என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் வழியைத்தான் சொல்வேன். ஸ்டிர்எரர்_ஆர் என்ற பெயர் ஒரு திட்டத்தில் ஒரே ஒரு ஃபைலில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது ஃபைலில் தென்பட்டால் எது எந்தப் பதிப்பு என்ற விசாரணையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

த்ரெட்டுக்குச் சேஃப், சிக்னலுக்கு இல்லை

த்ரெட்-சேஃப் ஆகிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று நினைப்பது இன்னொரு குழி. சிக்னல் வரும்போது ஓடும் ஃபங்ஷனான சிக்னல் ஹேண்ட்லர் என்பது இன்னொரு த்ரெட் அல்ல. அதே த்ரெட்டை நடுவழியில் நிறுத்தி அதன் மேல் ஏறி ஓடுவது. நின்றுபோன இடம் மேலாக்கின் பூட்டுக்குள் இருந்தால், ஹேண்ட்லர் மறுபடி அதே பூட்டைக் கேட்கும்போது இரண்டும் உறைந்துவிடும். ஸ்டிர்எரர் மொழிபெயர்ப்பைத் தேடும்போது நினைவகம் ஒதுக்கலாம், பூட்டு எடுக்கலாம். ஸ்டிர்எரர்_ஆர்-க்கும் இதே கதிதான். பஃபரை நாம் கொடுத்தோம் என்பதால் உள்ளே நடப்பவை மாறிவிடவில்லை.

எஞ்சின்எக்ஸ் சர்வர் இதற்காக ஒரு காரியம் செய்கிறது. தொடங்கும்போதே ஒவ்வோர் எண்ணுக்கும் ஸ்டிர்எரரை ஒருமுறை அழைத்து, வந்த செய்தியைத் தன் நினைவகத்தில் நகலெடுத்து அடுக்கிவிடுகிறது. அப்போது த்ரெட்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பிறகு எப்போது கேட்டாலும் தன் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொடுக்கும். ஸ்டிர்எரரும் அதன் _ஆர் தம்பியும் சிக்னல் ஹேண்ட்லரில் பயன்படாது, சி லைப்ரரியின் பழைய செய்தி அட்டவணையான சிஸ்_எர்லிஸ்டை நேராகத் தொட்டால் லிங்கர் முணுமுணுக்கிறது என்று அதன் மூல நிரலிலேயே காரணம் எழுதியிருக்கிறார்கள்.

ஓடும் புராசஸுக்கு ஒரு நகலைப் பிறப்பிக்கும் ஃபோர்க்கும் இதே இனம். பல த்ரெட்கள் ஓடும் ஒரு புராசஸ் ஃபோர்க் செய்தால், பிறந்த நகலான குழந்தையில் உயிரோடு இருப்பது அழைத்த த்ரெட் மட்டும். மற்ற த்ரெட்கள் பிடித்திருந்த பூட்டுகள் பிடித்தபடியே நகலாகிவிடும், திறந்துவிட ஆள் இருக்காது. ஆகவே நகலின் இடத்தில் புது நிரலை ஏற்றும் எக்ஸெக் நடக்கும் வரை சிக்னல் ஹேண்ட்லரில் அனுமதிக்கப்பட்ட ஃபங்ஷன்களை மட்டுமே அங்கே அழைக்கலாம். எக்ஸெக் தோற்றுப்போனால் காரணத்தை எப்படிச் சொல்வது? பைத்தான் மொழியின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தானில், வேறு நிரல்களை இயக்கும் சப்புராசஸ் பகுதி செய்வது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. குழந்தை எர்நோவின் எண்ணைப் பதினாறடிமான இலக்கங்களாக ஒரு பைப்பில் எழுதிவிட்டு இறந்துவிடும். பெற்றோர் அதைப் படித்து, தன் பத்திரமான சூழலில் செய்தியாக மாற்றி எக்ஸெப்ஷன் எழுப்பும். குழந்தையின் பக்கம் வாக்கியமே கிடையாது.

2.32க்குப் பின்

ஆகஸ்ட் 2020இல் வந்த ஜிலிப்சி 2.32இல் ஸ்டிர்எரர் த்ரெட்-சேஃப் ஆனது. தெரியாத எண்ணுக்கான பஃபர் இப்போது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி. எர்நோவுக்கு 1995இல் செய்ததை வாக்கியத்துக்கும் செய்ய இத்தனை ஆண்டுகள் ஆனது. மைக்ரோசாஃப்டின் சி லைப்ரரி அதற்கு வெகு முன்பே த்ரெட்டுக்கு ஒரு பஃபர் வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதே 2.32இல் சிஸ்_எர்லிஸ்ட் புதிதாக லிங்க் ஆகும் நிரல்களுக்குக் கிடைக்காமல் போனது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், பாதி. பஃபர் இப்போது "இந்த த்ரெட்டுடையது". "என்னுடையது" ஆகவில்லை. ஒரே பிரின்ட்எஃப் வரியில் இரண்டு தெரியாத எண்களுக்கு ஸ்டிர்எரரை இரண்டு முறை அழைத்தால், இரண்டு %எஸ்-உம் ஒரே பஃபரைக் காட்டும், இரண்டிலும் ஒரே செய்தி வரும். இதில் இன்னொரு த்ரெட்டே சம்பந்தப்படவில்லை.

லாக் எழுதுவதற்கென்று தனி த்ரெட் வைத்திருக்கும் அமைப்புகளில் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். வேலை செய்யும் த்ரெட் செய்தியின் பாயின்டரை வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். லாக் த்ரெட் வந்து படிப்பதற்குள் வேலை த்ரெட் வேறொரு பிழைக்காக அதே பஃபரில் எழுதியிருக்கலாம். அல்லது வேலை த்ரெட் முடிந்தே போயிருக்கலாம். புதிய ஜிலிப்சியில் த்ரெட் முடிந்தால் அதன் பஃபரும் விடுவிக்கப்படும், ஆகவே லாக் த்ரெட் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படிக்கும். பழைய பதிப்பில் தவறான செய்தியோடு தப்பித்த நிரல், புதிய "பாதுகாப்பான" பதிப்பில் விழ வாய்ப்பிருக்கிறது. த்ரெட்டைத் தாண்டிப் போக வேண்டியது எண். பாயின்டர் அல்ல.

எண்ணைக் கையில் எடுத்துக்கொள்வதும் உடனே நடக்க வேண்டும். த்ரெட் மோதலைவிட அதிகமாகச் செய்திகளைக் கெடுப்பது இதில் வரும் தாமதம்தான் என்பது என் கணிப்பு. சிஸ்டம் கால் தோற்றது, சரி, லாக் எழுதலாம் என்று போகிறோம். வழியில் ஒரு ஃபைலை மூடுகிறோம், நேரத்தைச் சரமாக்குகிறோம். அந்த ஃபங்ஷன்களில் ஏதோ ஒன்று எர்நோவை மாற்றிவிடுகிறது. நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீகூட ஜிலிப்சி 2.33இல்தான் எர்நோவைக் கெடுக்காமல் இருக்கும் என்று உறுதி தந்தது. ஒரே வரியில், ஒரு ஆர்க்யூமென்ட் நேரத்தைக் கேட்க, அடுத்தது எர்நோவைப் படிக்க என்று எழுதினால், எது முதலில் நடக்கும் என்பதற்கு சி மொழியில் உத்தரவாதமே இல்லை. தோல்வி தெரிந்த மறுவரியிலேயே ஒரு உள்ளூர் வேரியபிளில் எர்நோவை நகலெடுப்பதுதான் ஒரே வழி.

நடுவில் நின்று பிறகு தொடரக்கூடிய இலகுவான ஓட்டங்களான கோரூட்டீன்களும் ஃபைபர்களும் வந்த பின் எர்நோவே மறுபடி சந்தேகத்துக்கு உள்ளாகிறது. எர்நோவின் முகவரியைத் தரும் அந்த உள் ஃபங்ஷன், எத்தனை முறை அழைத்தாலும் ஒரே விடைதான் தரும் என்று கம்பைலருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண த்ரெட்டில் அது உண்மை. ஆனால் ஃபைபர் ஒன்று நடுவில் உறங்கி வேறொரு த்ரெட்டின் மேல் விழித்தால் அது பொய். கம்பைலர் பழைய முகவரியை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, பழைய த்ரெட்டின் எர்நோவையே படிக்கும். மூல நிரலை எத்தனை முறை கண்ணால் படித்தாலும் இது தெரியாது, அசெம்ப்ளியைத்தான் பார்க்க வேண்டும். தற்காப்பு அதே பழையதுதான்: உறங்கப் போகும் இடத்துக்கு முன் எண்ணை நகலெடுத்துவிடு.

லொகேல் பற்றிச் சுருக்கமாக. பாசிக்ஸ் 2008 கொண்டுவந்த ஸ்டிர்எரர்_எல் லொகேலை ஆர்க்யூமென்டாக வாங்கிக்கொள்ளும். ஒரே சர்வரில் ஒருவருக்கு ஃபிரெஞ்சிலும் மற்றவருக்கு ஜெர்மனிலும் செய்தி தர வேண்டியவர்களுக்கு அது பயன்படும். லாக்கில் மொழிபெயர்த்த செய்தி எதற்கு என்பதுதான் எனக்குப் புரியாதது. தேடுவதற்கும் கருவிகள் பிரித்துப் படிப்பதற்கும் மாறாத ஒன்று வேண்டும். அதற்கு 2.32இல் வந்த ஸ்டிர்எரர்நேம்_என்பி இன்னும் உகந்தது. எண்ணைக் கொடுத்தால் பிழையின் குறியீட்டுப் பெயரைத் தரும். லொகேல் தொடாது, பஃபர் வேண்டாம், சிக்னல் ஹேண்ட்லரிலும் அழைக்கலாம். எண்ணை மட்டும் பதிவு செய்தால் இன்னொரு தொல்லை உண்டு: "பிறகு முயற்சி செய்" என்ற பிழை லினக்ஸில் பெரும்பாலும் 11, மேக்கில் 35. இரு பக்க லாக்குகளையும் ஒரே இடத்தில் சேர்த்தால் எண் எதையும் சொல்லாது, பெயர்தான் சொல்லும். கடைசி இரண்டெழுத்தான "என்பி" நான்-போர்ட்டபிள், அதாவது வேறு கணினிகளில் இது கிடைக்கும் என்று நம்ப முடியாது, என்பதன் சுருக்கம். அங்கெல்லாம் ஒரு ஸ்விட்ச் அட்டவணையை நாமே எழுதிக்கொள்வது ஒரு மத்தியான வேலை.

விண்டோஸில் கடைசிப் பிழை எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரர் த்ரெட்டுக்குத் தனி. அதன் செய்தியைத் தரும் ஃபார்மட்மெசேஜ் பஃபரை நம்மிடம் கேட்கும், அல்லது தானே ஒதுக்கி நம் கையில் கொடுத்து நம்மையே விடுவிக்கச் சொல்லும். யாருடைய நினைவகம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை. ஆனால் செய்திக்குள் இருக்கும் இடைச்செருகல் குறிகளை ஒதுக்கச் சொல்லும் ஃபிளாகை மறந்தால், நாம் கொடுக்காத ஆர்க்யூமென்ட்களைத் தேடிப் போகும். அது வேறு கதை.

இன்று சி++ திட்டங்களில் நிரலை ஓட்டாமலே குறை தேடும் கிளாங்-டைடி கருவியின் த்ரெட் சோதனையை இயக்கினால், ஸ்டிர்எரர் கண்ட இடத்திலெல்லாம் எச்சரிக்கும். புதிய ஜிலிப்சியில் மட்டும் ஓடும் நிரலுக்கு அந்த எச்சரிக்கை கண்டிப்பாகப் பொருந்தாது, ஆகவே அதை அணைத்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்வார். நான் அணைக்க மாட்டேன். எச்சரிக்கை வந்த ஒவ்வோர் இடத்திலும் பார்க்க வேண்டியது பாயின்டர் அந்த வரியைத் தாண்டி எங்காவது சேமிக்கப்படுகிறதா என்பது. அதே வரியில் அச்சிடப்பட்டு அங்கேயே முடிகிறது என்றால் அந்த ஓர் இடத்தில் மட்டும் காரணம் எழுதி விலக்கு கொடுக்கலாம். ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்பாகவோ, வரிசையில் போடும் பொருளாகவோ அது போகிறது என்றால், அந்த உறுப்பின் வகையை முழு எண்ணாக மாற்றிவிட்டு, வாக்கியமாக்கும் வேலையை லாக் த்ரெட்டிடம் தள்ளிவிட வேண்டியதுதான்.